ஒரு நூல் கூட, ஒரு நூல் குறைய

"நல்லாத்தான் தைக்கிறேன், ஆனா ஃபினிஷிங் மட்டும் வர மாட்டேங்குது." தையல் தெரிந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அதற்கு எப்போதும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "தைக்கத் தைக்க கை தானா பழகும்." எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. கை பழகும், உண்மைதான். ஆனால் எதைச் செய்கிறோமோ அதுதானே பழகும்? கோணலாகத் தைத்துக்கொண்டே இருந்தால் கோணல்தான் வேகமாக வரும். வருடக்கணக்கில் கடை போட்டுத் தைத்தும் இடது கை ஒரு மாதிரி, வலது கை ஒரு மாதிரி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தைக்க ஆரம்பித்த ஆறே மாதத்தில், உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டக் கூச்சப்படாத அளவுக்குத் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவர்களைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். அவர்கள் மெஷின் நிறைய நேரம் நின்றுகொண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் தாம்பரத்தில் குடியிருப்பது ஒரு வசதி. இங்கே இரண்டு விதமான தையல்காரர்கள் உண்டு. சானடோரியம் ஸ்டேஷனில் காலை நேரத்தில் இறங்கினால் முதல் வகையைப் பார்க்கலாம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கியதால் வந்த பெயர் அது. இப்போது அந்த ஸ்டேஷனில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிபன் பையோடு வேகமாக நடக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி மெப்ஸுக்குப் போகிறது. 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகம். எலக்ட்ரானிக்ஸ், மென்பொருள் எல்லாம் உள்ளே உண்டு. நம் கதைக்கு வேண்டியது அங்கிருக்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வரைக்கும் "எக்ஸ்போர்ட்ல வேலை பார்த்தேன்" என்று சொல்லும் ஒரு பெண்ணாவது தெருவுக்குத் தெரு இருப்பார்.

இரண்டாவது வகை, வீட்டுத் திண்ணையிலோ ஷட்டர் போட்ட சின்னக் கடையிலோ உட்கார்ந்திருக்கும் நம் லேடீஸ் டெய்லர். ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ், பீக்கோ, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆல்ட்ரேஷன், எல்லாம் அவர்தான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா மெப்ஸில் வருடக்கணக்கில் சட்டைக் காலர் மட்டும் தைத்தவர். காலர் மட்டும்தான். ஒரு சட்டையை எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல சின்ன வேலைகளாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் பாக்கெட் வைப்பார், ஒருவர் தோள் இணைப்பார், ஒருவர் கை ஏற்றுவார், ஒருவர் காஜா போடுவார், கடைசியில் ஒருவர் பிசிறு வெட்டுவார். அக்காவின் கைக்குக் காலர் வந்து காலர் போனது. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஒரு மெஷின் வாங்கிப் போட்டபோது, ஒரு ஜாக்கெட்டை முழுதாக வெட்டத் தெரியாது அவருக்கு. அதே சமயம் அவர் போடும் ஒரு நேர்த்தையலை எந்தத் திண்ணை டெய்லராலும் போட முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான்: எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டுப்பாடும் திண்ணை டெய்லரின் அளவு அறிவும் ஒரே கையில் சேர்ந்தால்தான் நல்ல தையல். இரண்டையும் ஒன்றாகச் சொல்லித்தரும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நாமாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கம்பெனிப் பழக்கம். அக்காவிடம் கேட்டதில் என்னை அசரவைத்தது உடைந்த ஊசி விஷயம். வீட்டில் ஊசி உடைந்தால் என்ன செய்வோம்? "ச்சே" என்போம், புதுசு மாட்டுவோம், தைப்போம். அங்கே மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசியாகக் காட்டி, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லையா? கையிலிருந்த பீஸ்கள் தனியே போகும், மெட்டல் டிடெக்டரில் ஓடும். வெளிநாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் அந்த முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவும். உலகம் முழுக்க ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இதுதான் நடைமுறை.

"வீட்ல யாரும்மா பாக்கப் போறா?" என்று நான் கேட்டேன்.

"நம்ம ஊரு கொழந்தைக்குக் குத்தினா வலிக்காதா?" என்றார் அக்கா. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து மெஷின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா இருக்கிறது. உடைந்த ஊசி, வளைந்த குண்டூசி எல்லாம் அதற்குள். உடைந்த துண்டு முழுதாகச் சேராமல் அடுத்த தையல் கிடையாது.

இந்த ஒரு பழக்கத்தால் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து தேடுகிறவர், ஊசி ஏன் உடைந்தது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் காரணம் இரண்டே. ஒன்று, துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறோம். மெஷினின் பல் துணியைத் தானே நகர்த்தும். நாம் திசை காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும். இரண்டு, துணிக்குப் பொருந்தாத ஊசி.

ஊசி நம்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிக அலட்சியம். பாக்கெட்டில் 14/90 என்று போட்டிருக்கும். 90 என்றால் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். 11/75 என்றால் 0.75. ரூபியா, பாப்ளின், சாதாரண காட்டனுக்கு 14 சரி. மெல்லிய பட்டு, ஜார்ஜெட், ஷிஃபானுக்கு 11, இன்னும் மெல்லியதற்கு 9. ஜீன்ஸ், பைத்துணிக்கு 16, அதற்கும் மேலே 18. பனியன் துணி தைக்கும்போது முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி வேண்டும். கூர்முனை ஊசி பின்னலின் கண்ணியை அறுத்துவிடும், நாலு துவையலில் ஓட்டை தெரியும். நம் வீடுகளில் பெரும்பாலும் 16 நம்பர் ஊசி ஒன்றை மாட்டி, அது உடையும்வரை பட்டிலிருந்து பாவாடை நாடா வரை எல்லாம் அதில்தான். பட்டு ஜாக்கெட்டில் தையலோரம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை தெரிவது அதனால்தான். பட்டில் ஒருமுறை விழுந்த ஓட்டை மூடாது.

உடையும்வரை ஊசியை வைத்திருப்பதும் தப்பு. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மணி பார்க்க முடியாவிட்டால் காதை வையுங்கள். துணியில் இறங்கும்போது 'டக் டக்' என்று குத்தும் ஓசை வந்தால் முனை மழுங்கிவிட்டது. மாட்டும்போது ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரு ஊசி பாக்கெட்டின் விலை மெக்கானிக் வந்து போகும் செலவில் கால்வாசிகூட வராது.

கம்பெனியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டாவது விஷயம், முதல் பீஸ். ஆயிரக்கணக்கில் தைக்கும் முன் ஒரே ஒரு பீஸ் தைத்து, வாங்குகிறவர் ஒப்புதல் தந்த பிறகுதான் மொத்தத் துணியும் டேபிளில் ஏறும். நாம் அப்படியே நேர்மாறு. முகூர்த்தப் பட்டில்தான் புது மாடல் கழுத்தை முதன்முதலில் முயன்று பார்ப்போம்! காடாத் துணியோ பழைய வேட்டியோ போதும். புது கஸ்டமர், புது மாடல், விலை கூடிய துணி, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உடம்புப் பகுதியை மட்டும் முதலில் அதில் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. பார்த்துத் திருத்திய அந்தத் துணியைப் பிரித்து இஸ்திரி போட்டு வைத்தால் அதுவே அந்தக் கஸ்டமரின் பேட்டர்ன்.

மூன்றாவது, தைக்கும் முன் சோதனைத் தையல். வெட்டி மிஞ்சிய அதே துணியில், அதே லைனிங்கோடு சேர்த்து, ஒரு ஜாண் நீளம் ஓட்டிப் பாருங்கள். இஞ்ச் டேப்பை வைத்து ஓர் இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். ஜாக்கெட்டுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சரியாக இருக்கும். ஏழெட்டு என்றால் போட்டதும் தையல் பல்லிளிக்கும். பதினைந்துக்கு மேல் போனால் பிரிக்கும்போது துணி கிழியும். அடியில் நூல் கொத்துக் கொத்தாக வந்தால் எல்லோரும் பாபின் கேஸைத்தான் திருகுவார்கள். அநேகமாகக் குற்றம் மேல்நூலில் இருக்கும். டென்ஷன் தட்டுக்குள் நூல் உட்காராமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி நூல் கோர்த்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். தையல் ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் நுனியையும் விரலால் பிடித்துக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தையல் சிக்கிக்கொள்வது அதோடு நிற்கும்.

இனி திண்ணை டெய்லர் பக்கம் வருவோம்.

"இதே மாதிரி தைச்சிடுங்க, ஆனா கொஞ்சம் லூசா. கை மட்டும் கொஞ்சம் இறக்கமா." அளவு ஜாக்கெட்டைக் கொடுக்கும் யாரும் இதைச் சொல்லாமல் போவதில்லை. இந்தக் 'கொஞ்சம்' எத்தனை நூல் என்று கேட்கும் பழக்கம் இல்லாதவர்தான் பிறகு தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார். தெரியாதவர்களுக்கு: இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் டெய்லரும் பேசும் கணக்கு.

நல்ல லேடீஸ் டெய்லர் அளவு ஜாக்கெட்டை வாங்கினவுடன் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பக்கவாட்டில் எத்தனை தடவை பிரித்து விட்டிருக்கிறார்கள், எந்தத் தையலில் நூல் நிறம் வேறாக இருக்கிறது, அக்குளில் எங்கே இழுத்துக் கிழிந்திருக்கிறது, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். அடுத்து, "இது இப்போ உங்களுக்குச் சரியா இருக்காம்மா?" என்று கேட்பார். பாதிப் பேர் "இல்ல, இது ரெண்டு வருஷம் முன்னாடி தைச்சது" என்பார்கள். அப்படியானால் அது அளவே இல்லை. டேப்பை எடுத்து உடம்பில் அளக்க வேண்டியதுதான். கூச்சப்பட்டு வேண்டாம் என்றால், ஊக்கு எல்லாவற்றையும் போட்டு ஜாக்கெட்டைச் சமமான பலகையில் விரித்து, கையால் இழுக்காமல் அளக்கலாம். பலமுறை போட்டுத் துவைத்த ஜாக்கெட் குறுக்குவாக்கில் இழுபட்டிருக்கும். அதை இன்னும் இழுத்து அளந்தால் புதுசு தொளதொளவென்று வரும்.

அளந்ததை எழுதுங்கள். துண்டுச் சீட்டில் வேண்டாம், பில் புக்கின் பின்பக்கத்திலும் வேண்டாம். தனி நோட்டு. ஒருவருக்கு ஒரு பக்கம். தேதி, அளவுகள், "வலது தோள் கொஞ்சம் இறக்கம்", "முன் கழுத்து ஆறரை போதும்", "ஊக்கு பின்பக்கம் வேண்டாம் என்றார்" என்பது மாதிரிக் குறிப்புகள். டெலிவரி கொடுத்த பிறகு அவர் சொன்ன குறையையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஜாக்கெட் வரும்போது கட்டிங் மாஸ்டர் படிப்பெல்லாம் அந்த ஒரு வரியில் கிடைக்கும்.

துணிக்கு வருகிறேன். இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், அதுவும் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய துணியின் கதை. மதராஸ் செக்ஸ் என்ற கைத்தறிக் கட்டம் போட்ட காட்டன் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அதைக் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிப் போனார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்தான் இந்த நாயர். சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லியனுப்பினாராம். அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நியூயார்க்கின் பிரபலமான புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை தைத்து விற்க, வாங்கியவர்கள் மெஷினில் துவைக்க, சாயம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. புகார் மேல் புகார். கடைசியில் விளம்பரக்காரர்கள் புகுந்து, "சாயம் போவதற்கு உத்தரவாதம்" என்று அதையே பெருமையாக்கி விற்றுத் தீர்த்தார்கள்.

அமெரிக்காவில் அப்படி விற்கலாம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் வாங்கின சிவப்பு லைனிங், கஸ்டமரின் கிரீம் கலர் பட்டில் சாயம் இறங்கினால் நம் பக்கம் நிற்க எந்த விளம்பரக்காரரும் வர மாட்டார். ஆகவே நனையுங்கள். காட்டன் லைனிங், ரூபியா, காட்டன் சுடிதார் மெட்டீரியல் எதுவானாலும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே கத்தரி. நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கம் என்பது காட்டனில் சர்வசாதாரணம். 36 இஞ்ச் மார்புச் சுற்றில் அது ஓர் இஞ்சுக்கும் மேல். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் உள்ளே இழுத்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும், பிரித்தாலும் சரிவராது. பட்டையும் ஜரிகையையும் நனைக்கக் கூடாது, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊறப்போடும்போது தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் ஈரத் துணியை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும்.

வெட்டும்போது நூல் ஓட்டம். துணியின் கரைக்கு இணையாக ஜாக்கெட்டின் முன்பக்கமும் முதுகும் விழ வேண்டும். அரை மீட்டர் மிச்சம் பிடிக்கிறேன் என்று கையைச் சாய்த்து வெட்டினால் அந்தக் கை திருகிக்கொண்டே நிற்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும். பைப்பிங்குக்கு மட்டும் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் கிராஸ் துணி; முப்பதிலோ அறுபதிலோ வெட்டினால் கழுத்து வளைவில் படியாது. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சட்டமாகவே போட்டுவிடுங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன நூல் கணக்கு. பிரின்சஸ் கட் ஜாக்கெட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஆறு நீளத் தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு துணியைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆறு தையல், இரண்டு துணி, பன்னிரண்டு அரை நூல், மொத்தம் ஆறு நூல். முக்கால் இஞ்ச்! கட்டிங் சரி, அளவு சரி, ஊக்கு மட்டும் போட முடியவில்லை. "உடம்பு போட்டுட்டீங்களா?" என்று கஸ்டமரைக் கேட்கிற டெய்லர்களை எனக்குத் தெரியும்.

இதைத் தடுக்கக் கையில் திறமை வேண்டாம், தகட்டில் ஓர் அடையாளம் வேண்டும். ஊசி விழும் இடத்திலிருந்து நாலு நூல் தள்ளி, ஒரு துண்டு டேப்பை நேராக ஒட்டி, துணியின் விளிம்பை அதன் ஓரமாகவே ஓட்டுங்கள். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, அந்த டேப்பைப் பார்க்க வேண்டும். மெப்ஸ் அக்கா சொன்னதில் முதல் நாளே பலன் தெரிந்தது இதுதான். அவர்கள் மெஷினில் இதற்கென்றே இரும்பு கைடு மாட்டியிருப்பார்களாம்.

நம்மூர் வழக்கப்படி பக்கவாட்டில் ஓர் இஞ்ச் அல்லது ஒன்றரை இஞ்ச் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் வரிசை போடுகிறோமே, அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்போர்ட் சட்டையில் இது கிடையாது. குழந்தை பெற்றபின் பிரித்துவிடலாம், மகள் போடலாம், மருமகள் போடலாம். பட்டு ஜாக்கெட் இருபது வருடம் வாழ்வது அந்த ஒன்றரை இஞ்சில்தான்.

கழுத்தை வெட்டின கையோடு, வேறு எதற்கும் முன்னால், விளிம்பில் ஒரு வரிசை தையல் ஓட்டிவிடுங்கள். வெட்டின வளைவு கைபடக் கைபட விரிந்துகொண்டே போகும். பட்டி வைக்கும்போது ஓரிரண்டு நூல் அகன்றிருக்கும். பிறகு பட்டி வைத்துத் திருப்பும்போது வளைவில் நாட்ச் கொடுக்க வேண்டும். தையல் வரை வெட்டாமல் ஒரு நூலுக்கும் குறைவாக இடம் விட்டு நிறுத்துங்கள். நுனி கூர்மையான சின்னக் கத்தரிதான் இதற்குச் சரி. பெரிய கத்தரியால் நாட்ச் கொடுத்துக் கழுத்தையே வெட்டிய கதைகள் இந்தப் பக்கத் தெருக்கள் எல்லாவற்றிலும் கேட்கலாம்.

இஸ்திரி! இதை ஏன் நம் ஊரில் யாரும் தையலோடு சேர்ப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. முழுசாகத் தைத்து முடித்துத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்குவதுதான் ஃபினிஷிங் என்று நினைக்கிறோம். ஒரு தையல் போட்டால் அதன் மேலேயே ஒருமுறை அழுத்தம், பிறகு உள்ளே விரித்து இன்னொரு அழுத்தம், அதற்குப் பிறகுதான் அதைக் குறுக்கே கடக்கும் அடுத்த தையல். டாட் பிடித்தால் உடனே இஸ்திரி. குறுக்குத் தையல் போட்டு மூடிவிட்ட பிறகு உள்ளே இருக்கும் மடிப்பை எந்த இஸ்திரிக்காரராலும் எடுக்க முடியாது. மெஷினுக்கு இடது பக்கம், எழுந்திருக்காமல் கை எட்டும் உயரத்தில் ஒரு சின்னப் பலகையும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் இது பழக்கமாகும். அடுத்த அறையில் இருந்தால் சத்தியமாகப் பழக்கமாகாது. ஜரிகைக்கு மேலே ஒரு காட்டன் துணி போட்டுத் தேயுங்கள். பாலியஸ்டர் லைனிங்குக்குச் சூடு குறைவாக.

பிரிப்பதைப் பற்றி. பாதித் தையல்காரர்கள் பழைய பிளேடால் பிரிக்கிறார்கள். அதனால்தான் பிரிக்கப் பயம், பயத்தால்தான் "பரவாயில்லை, தெரியாது" என்று விட்டுவிடுவது. தையல் பிரிப்பான் என்று ஒரு சின்னக் கருவி எல்லா நூல் கடையிலும் கிடைக்கிறது. ஒரு பக்கம் மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுதாக வந்துவிடும். துணிக்கு ஒன்றும் ஆகாது. எந்தத் தையல் போட்ட உடனே பிரிக்கப்படுகிறதோ அது ஐந்து நிமிட வேலை; கை ஏற்றி, பட்டி வைத்து, ஊக்கு கட்டிய பிறகு பிரித்தால் அரை நாள். ஆகையால் ஒவ்வொரு தையல் முடிந்ததும் துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பதை விடாதீர்கள். கம்பெனியில் இதற்கென்று செக்கிங் ஆள் உண்டு. வீட்டில் நாமேதான் செக்கிங்.

கை ஏற்றும்போது மட்டும் சோம்பலைப் பார்க்காமல் ஓட்டுத்தையல் போடுங்கள். கையால், பெரிய பெரிய தையலாக. உச்சிப் புள்ளி தோள் தையலுக்கு நேராக, முன்பக்க வளைவு முன்பக்கத்துக்கு. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, தோளைப் பிடித்துத் தொங்கவிட்டு, இரண்டும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்த்த பிறகு மெஷின். எல்லாத் தையலுக்கும் ஓட்டுத்தையல் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நேர்த்தையலுக்கு நாலு குண்டூசி போதும், அதுவும் ஊசி நெருங்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. கறுப்புத் தலை மெஷினோ, மோட்டார் வைத்த ஜாக் மெஷினோ, வாரம் ஒருமுறை தகட்டைக் கழற்றிப் பல்லுக்கடியில் சேரும் பஞ்சைப் பிரஷால் எடுங்கள். எண்ணெய் விட்ட பிறகு ஒரு பழைய துணியில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணி. சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள், பிசினாக இறுகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கால்மெஷின் தண்ணீரில் நின்றாலும், உடனே மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போட்டால் பழையபடி ஓடும். ஒரு வாரம் அப்படியே விட்டால் துரு பிடித்து இறுகும். பழைய மெஷின் போதும் என்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் தேடலாம். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஊசிக்கம்பி பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள், தகட்டின் ஓட்டை இடிபட்டுப் பிசிறாகியிருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

சான்றிதழ் வேண்டுபவர்களுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு கட்டம் உண்டு. ஐ.டி.ஐ.யிலும் தையல் பிரிவு இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு தரும் இலவசத் தையல் மெஷின் திட்டத்துக்கும் பயிற்சிச் சான்று கேட்பார்கள். போய்ப் படியுங்கள், நல்லதுதான். ஆனால் மூன்று மாதத்தில் முப்பது மாடல் என்று பலகை மாட்டியிருக்கும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. முப்பது மாடலைத் தொட்டுவிட்டு வருகிறவருக்கு ஒரு சாதாரண நாலு டாட் ஜாக்கெட்டின் கழுத்து படியாது. ஒரே மாடலை, ஒரே அளவில், ஒரே ரூபியாவில், ஒவ்வொரு முறையும் முந்தினதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தைப்பது அதைவிட எவ்வளவோ மேல். எக்ஸ்போர்ட் மிச்சத் துணி கிலோ கணக்கில் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு பயிற்சிக்குத் துணி இல்லை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.

இன்னொன்று, ஆர்டர் வாங்கும் பழக்கம். இதுவும் தையல் பழக்கம்தான். ஆவணி முகூர்த்தம், தீபாவளி, தை மாதம் என்று கூட்டம் வரும்போது, மேலே சொன்ன அத்தனையும் முதல் ராத்திரியிலேயே காற்றில் போகும். நனைப்பது போகும், ஓட்டுத்தையல் போகும், நோட்டு போகும். அந்த நாட்களில் தைத்துக் கொடுப்பதைத்தான் ஊரே போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்தில் நிற்கப் போகிறது, நம் பெயரும் அதோடுதான். உங்களால் ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட் ஒழுங்காகத் தைக்க முடியும் என்பதைச் சாதாரண நாளில் கணக்குப் பார்த்து வைத்துக்கொண்டு, பண்டிகைக்கு அதற்கு மேல் ஒன்றுகூட வாங்காதீர்கள். "அடுத்த வாரம்தான் முடியும்மா" என்று சொன்னால் கஸ்டமர் முகம் சுளிப்பார். தொளதொளத்த ஜாக்கெட்டைக் கொடுத்தால் திரும்பவே வர மாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் மெப்ஸிலோ கிண்டியிலோ வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கும் அக்கா ஒருவர் நிச்சயம் இருப்பார். "எனக்கு என்னம்மா தெரியும், காலர்தான் தைச்சேன்" என்பார், நம்பாதீர்கள். உங்கள் மெஷினில் அவரை உட்காரவைத்து ஒரே ஒரு நேர்த்தையல் போடச் சொல்லுங்கள், கையை மட்டும் பாருங்கள். பதிலுக்கு அவருக்கு ஒரு ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுங்கள். ஃபீஸ் எதுவும் பேச வேண்டாம், கணக்கு இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.